காலைக் கட்டியபின் வாயைக் கட்டச் சொல்கிறார்கள்

பதினைந்து வயதுப் பெண் கொஞ்சம் பருத்துவிட்டால் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த மருந்து ஒன்றுதான்: ‘வாயைக் கட்டு.’ அம்மா சொல்கிறாள், அத்தை சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். இரண்டு நிமிடம் பார்க்கும் மருத்துவரும் அதையே சொல்லி அனுப்புகிறார். அவள் காலைக் கட்டியது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நான் பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லித்தருகிறவள். முதலாண்டு மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்: கடைசியாக எப்போது ஓடி விளையாடினீர்கள்? பெரும்பாலும் வருகிற பதில், ‘வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி, மிஸ்.’

சடங்கு முடிந்த கையோடு தெரு மூடப்படுகிறது. பள்ளி மைதானத்தைப் பையன்களின் கிரிக்கெட் எடுத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் விழுங்குகிறது. பிறகு டியூஷன், பிறகு வீட்டு வேலை, பின்னிரவு வரை படிப்பு, அரைகுறைத் தூக்கம். கைக்கு எட்டுவது செல்போனும் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும்தான்.

பதின்வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயது வரையிலான மாணவர்கள் பற்றி அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, உலக அளவில் அந்த அளவை எட்டாத பையன்கள் 78 விழுக்காடு, பெண்கள் 85 விழுக்காடு. இதைப் பெண்களின் சோம்பல் என்று படிப்பவர்கள் இருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பாத மகளையும் மகனையும் எப்படி எப்படி விசாரிக்கிறோம் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

இதே வீடுதான் வயதுக்கு வந்தவளுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டியது. இடுப்பெலும்பு பலப்பட வேண்டும், நாளை பிள்ளை பெற வேண்டும். மூன்று வருடம் போனால் அதே வீடு அவள் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறது: ‘இப்படி இருந்தா எவன் கட்டுவான்?’ பிள்ளைப்பேற்றுக்காகத் தீனி, பெண்பார்க்க வருகிறவனுக்காகப் பட்டினி.

பட்டினியின் விலையும் சிறிதல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு அதிக எடை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பருத்த உடம்பும் ரத்தமில்லாத உடம்பும் ஒன்றாகவே இருக்க முடியும். அந்தப் பெண்ணைத்தான் காலைச் சாப்பாட்டை விட்டுவிடச் சொல்கிறோம்.

எடை ஒரு பிரச்சினையே இல்லை என்று நான் வாதிடவில்லை. சர்க்கரை நோயும் மாதவிடாய்க் கோளாறும் அதோடு சேர்ந்து வரக்கூடியவை. ஆனால் நம் அக்கறை நோயின் மீதா, அழகின் மீதா? பருத்த பெண்ணின் பின்கழுத்து கறுத்து, தோல் தடித்தால் அது பல சமயம் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதன் அடையாளம். நம் வீடுகளில் அதை அழுக்கென்று சொல்லிக் கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டிய பெண்ணைக் கல்யாணத்துக்குப் பளபளப்பாக்குகிறோம்.

பையன்களும்தானே குண்டாகிறார்கள் என்பார்கள். ஆமாம், சிப்ஸும் டியூஷனும் அவர்களுக்கும் உண்டு. ஆனால் மைதானத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. அவர்கள் தொப்பையை வைத்து எந்த வீட்டிலும் வரதட்சணைக் கணக்கு பேசுவதில்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கேலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டினார்கள். எடை குறைக்க அவர்கள் ஏறவில்லை, நினைத்த இடத்துக்குப் போக ஏறினார்கள். இன்று பிளஸ் ஒன் மாணவிக்கு அரசே சைக்கிள் தருகிறது. அதை இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்று வகுப்பில் கேட்டால், ‘தம்பி’ என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஆகவே மாணவிகளே, வாயைக் கட்டச் சொல்கிறவர்களிடம் கேளுங்கள். பி.டி. பீரியட் எங்கே? மைதானத்தில் எங்கள் முறை எப்போது? மாதவிடாய் நாளிலும் விளையாடத் தண்ணீரோடு கழிப்பறை எங்கே? சைக்கிள் சாவி யார் கையில்? ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கேட்பது சலுகை இல்லை.

எடை குறைகிறதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மாலை ஐந்து மணிக்கு அவள் வெளியே இருக்கட்டும்.