மட்கும் மரத்தின் கணக்கு

காட்டில் மரம் ஒன்று சாய்ந்துவிட்டால் அதன் கதை முடிந்துவிட்டதாகக் கருதுவது பொதுவான வழக்கம். விஞ்ஞான நோக்கில் இது பிழையாகும். உயிருடன் இருந்தபோது காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து அம்மரம் சேர்த்த கார்பன், விழுந்த பின்னரும் பல்லாண்டுகள் அதனுள் தங்கியிருக்கிறது. காளான்களும் கரையான்களும் வண்டுகளும் மரத்தைத் தின்னத் தின்ன, அதன் ஒரு பகுதி மீண்டும் காற்றில் கலக்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணைச் சேர்கிறது.

2011-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, காடுகளிலுள்ள 86,100 கோடி டன் கார்பனில் ஏறத்தாழ 8 சதவீதம் இறந்த மரங்களில் உள்ளது எனக் கூறிற்று. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நம் நாட்டுக் காடுகளின் மொத்தக் கார்பன் இருப்பு 728 கோடி டன்னுக்குச் சற்று மேற்பட்டது. நிலத்தின் மேலுள்ள உயிர்ப்பொருள், வேர்கள், இறந்த மரம், சருகு, மண் ஆகிய ஐந்து இருப்புகளுள் இறந்த மரத்தின் பங்கே மிகச் சிறியது. சிறியதுதானே என்று அதை அலட்சியமாகக் குறிப்பது முறையன்று. சிறு தொகையிலும் பெரும் பிழை புகுதல் கூடும்.

அளக்கும் முறை எளியது. காட்டில் நேர்கோடு ஒன்றை இட்டு, அதனைக் குறுக்கிடும் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள கிடைமரங்களின் விட்டத்தைக் கோடு வெட்டும் இடத்தில் அளக்கவேண்டும். மரத்தின் நீளம் தேவையில்லை. விட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டி, 1.2337 ஆல் பெருக்கி, கோட்டின் நீளத்தை மீட்டரில் கொண்டு வகுத்தால், ஹெக்டேருக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். 100 மீட்டர்க் கோட்டில் 10, 20, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூன்று மரங்கள் குறுக்கிட்டால், விடை சுமார் 17 கன மீட்டர். பெருங்காற்றில் மரங்கள் ஒரே திசையில் சாய்வதுண்டு. ஆதலால் கோடுகள் பல திசைகளிலும் அமைதல் வேண்டும்.

இடர்ப்பாடு இதற்குப் பின்னரே தோன்றுகிறது. இந்த 17 கன மீட்டரும் கெட்டி மரமாயின், கன மீட்டருக்கு 0.6 டன் உலர் எடை எனக் கொள்வோம். அதில் பாதி கார்பன் என்ற கணக்கில் 5.1 டன் வரும். முற்றும் மட்கிய மரமாகி உலர் எடை 0.2 டன்னாகக் குறைந்திருப்பின் 1.7 டன்னே வரும். விட்டம் ஒன்றே, விடையோ மூன்றில் ஒரு பங்கு. மட்கிய கட்டை கைக்குக் கனமாக இருக்கலாம். ஆனால் அக்கனம் பெரும்பாலும் நீரின் கனமே.

ஆகவே மரத்தின் நிலையைக் களத்திலேயே சோதித்துப் பதிவு செய்தல் இன்றியமையாதது. அரிவாளால் வெட்டும்போது அலகு தெறித்துத் திரும்பினால் கெட்டி மரம். சிறிது பதிந்தால் இடைநிலை. மரம் நொறுங்கி உதிர்ந்தால் மட்கியது. கரையான் அரித்து உள்ளே பொந்தாயிருப்பின் அதனையும் குறித்தல் வேண்டும். இவ்வெட்டுக்கு ஒரு நிமிடமும் ஆகாது. அதனை விடுத்து, மாலையில் முகாமில் அமர்ந்து நினைவைக்கொண்டு நிரப்பிய படிவத்தை எந்தக் கணிதமும் திருத்தமுடியாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நம் நாட்டில் பல கிராமங்களின் அடுப்புகள் காட்டுச் சுள்ளிகளால் எரிகின்றன. ஊரை அடுத்த காடுகளில் கிடைமரம் குறைவாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கணக்கில் தொகை குறைந்தது என்பதற்காகத் தலைச்சுமை விறகு கொண்டுசெல்லும் பெண்மீது குற்றம் சுமத்துவது நியாயமாகாது. அளவை உண்மையை அறிவதற்காக ஏற்பட்டதேயன்றி, எளியோரைத் தண்டிப்பதற்காக ஏற்பட்டதன்று.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பிலேயே விளக்கலாம். கெட்டி மரத்துண்டு ஒன்றும் மட்கிய துண்டு ஒன்றும் போதும். நீர் புகாதவாறு மெல்லிய உறையால் சுற்றி, நிறைகுடத்தில் அமிழ்த்தி, வழியும் நீரை அளந்தால் கன அளவு தெரியும். பின்னர் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுத்தல் வேண்டும். ஒரே பருமனுள்ள இரு துண்டுகள் தராசில் வேறுபடுவதைக் கண்ணால் கண்ட மாணவன், கண்ணுக்குத் தெரிகின்ற அளவு வேறு, உள்ளே இருக்கின்ற பொருள் வேறு என்பதை மறவான்.