எட்டுக் கவலை, ஒன்பது கல்!

ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணியதுண்டா நீங்கள்? உண்டு என்றால் கையைக் கொடுங்கள். நீங்களும் நம்ம கட்சி!

என் கதை ரொம்பச் சின்னது. 'ஐந்தே நிமிடத்தில் கடன்' என்றது செல்போன். சொன்னபடி ஐந்தே நிமிடத்தில் வந்தது. போகத்தான் மாட்டேன் என்கிறது. ஆறு மாதமாக வீட்டில் மூச்சு விடவில்லை.

அம்மா என் மூஞ்சியைப் பார்த்தாள். "உனக்குச் சனி சரியில்லடா. தேவிபட்டினம் போயிட்டு வா" என்றாள்.

போனேன். கடலுக்குள் ஒன்பது கல். நவபாஷாணம். ராமர் இலங்கைக்குப் போகும் முன் சனி தோஷம் விலக நவக்கிரகங்களை இங்கே நிறுவி வழிபட்டார் என்பது ஐதீகம். ராமருக்கே அந்த நிலைமை என்றால் ஆபீஸ் கிளார்க் எம்மாத்திரம்! கும்பிட்டுவிட்டுக் கரையேறினேன்.

ஆபீஸ் நண்பனின் வீடு அந்த ஊரில்தான். அவனுடைய அத்தா டீ கொடுத்தார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"என்ன தம்பி, முகம் இப்படி வாடிக் கெடக்கு?"

"சும்மா... கவலை பாய்."

"அதுக்கு எங்கள்ல ஒரு துஆ இருக்கு. நபிகள் நாயகம் அடிக்கடி கேட்ட துஆ. அவங்களுக்குப் பணிவிடை செஞ்ச அனஸ் சொல்லியிருக்காங்க, புகாரி கிரந்தத்துல வருது."

அடிக்கடியா? எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கவலைப்படுகிறவனுக்கு பக்தி போதாது என்றல்லவா ஊரில் சொல்கிறார்கள்! நபியே அடிக்கடி கேட்டிருக்கிறார் என்றால், கவலை எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டுகிற ஆசாமிதான்.

பாய் விரல் விட்டு எண்ணினார். எட்டு விஷயங்களிலிருந்து காப்பாற்றச் சொல்லிக் கேட்கிற துஆ அது. முதல் ஜோடி, கவலையும் துக்கமும். அரபியில் 'ஹம்', 'ஹஸன்'. வரப்போவதை நினைத்து வருவது முதலாவது; போனதை நினைத்து வருவது இரண்டாவது என்று விளக்குகிறார்களாம். யோசித்துப் பார்த்தேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டு நான் நடத்துகிற மாநாட்டில் நேற்றைக்கும் நாளைக்கும்தான் நாற்காலி. இன்றைக்கு என்பவர் வாசலில் நிற்கிறார்!

அடுத்த ஜோடி, இயலாமையும் சோம்பலும். மூன்றாவது, கஞ்சத்தனமும் கோழைத்தனமும். நான்காவது, கடன் சுமையும் மனிதர்கள் நம்மை அமுக்குவதும்.

"கல்லு ஒன்பது, துஆவுல எட்டுதானே பாய்? எங்க மேனேஜரை விட்டுட்டீங்களே!"

"அவரு எட்டாவதுல வந்துட்டாரு தம்பி" என்றார் பாய், சிரிக்காமல்.

எனக்குத்தான் ஒன்று உறைத்தது. "கவலைக்குப் பக்கத்துல சோம்பேறித்தனம், கோழைத்தனம் எல்லாம் எதுக்கு பாய்?"

"ஒண்ணு இன்னொண்ணைக் கூட்டியாருமே! கவலைப்பட்டவன் படுத்துக்கிடுவான். படுத்தவனுக்குக் கடன் ஏறும். கடன்பட்டவன் வெளியில சொல்லப் பயப்படுவான்."

ஜோசியர் மாதிரிச் சொல்கிறாரே!

"யஃகூப் நபி கதை தெரியுமா? யூசுஃபைத் தொலைச்சுட்டு, அழுது அழுது கண்ணு வெளுத்துப்போச்சு. என் துக்கத்தை அல்லாகிட்டதான் சொல்றேன்னாங்க. அதோட விட்டாங்களா? மகன்களைக் கூப்பிட்டு, போய்த் தேடுங்கன்னு அனுப்பினாங்க. ரெண்டும் குர்ஆன்ல ஒரே இடத்துல அடுத்தடுத்து இருக்கு தம்பி."

துஆவும் வேண்டும், தேடவும் வேண்டும். ஒன்றை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே மாவட்டத்தில் ஏர்வாடி இருக்கிறது. மனநோய் தீர வேண்டி வெகுகாலமாக எல்லா மதத்தாரும் வருகிற தர்கா. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலை, அங்கே நோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017-ம் வருட மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. ஏர்வாடியிலேயே பின்னால் 'தவா-துஆ' என்று ஒரு திட்டம் வந்தது. தவா என்றால் மருந்து. பிரார்த்தனைக்கு வருகிறவர் டாக்டரையும் பார்க்கலாம். நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று நபிகளே சொல்லியிருப்பதால், இதில் சண்டைக்கு இடமே இல்லை.

ஆகவே நண்பர்களே, மனசு பாரமாகி, தூக்கமில்லாமல், வாழ்ந்து என்ன என்று தோன்ற ஆரம்பித்தால் ஃபேனிடம் யோசனை கேட்காதீர்கள். 14416-க்கு போன் போடுங்கள். 'டெலி-மானஸ்', அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், 2022-லிருந்து இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம்.

ஊர் திரும்பிய அன்றைக்கும் மூன்று மணிக்கு டாணென்று விழிப்பு வந்தது. எனக்கு அரபி வராது. அந்த எட்டையும் தமிழிலேயே கேட்டுக்கொண்டேன். ஆறாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கோழைத்தனம்!

எழுந்தேன். லைட்டைப் போட்டு ஒரு பேப்பரில் கடனையெல்லாம் எழுதினேன். கூட்டிப் பார்த்தால், இருட்டில் பயந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. விடிந்ததும் பேப்பரை மனைவியிடம் நீட்டினேன். கை நடுங்கியது.

படித்தாள். மடித்தாள்.

"வளையலை வெச்சு முதல்ல இந்த அநியாய வட்டிக்காரனை முடிச்சுடலாம். மத்தது மாசாமாசம்."

"உனக்கு... அதிர்ச்சியா இல்லையா?"

"ஆறு மாசமாத் தூக்கத்துல வட்டிக் கணக்கு சொல்லிக்கிட்டிருக்கீங்க. எப்ப முழிச்சுக்கிட்டுச் சொல்வீங்கன்னுதான் நானும் தினம் சாமிகிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்!"