காலி இடம் யாருக்கு வசதி?

ஜூலை பிறந்தால் எனக்கும் எதிர்வீட்டு சொல்தா அண்ணனுக்கும் சண்டையும் பிறந்துவிடும். அவர் பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன்காரர், நான் புதுச்சேரி அரசு குமாஸ்தா பென்ஷன்காரன். சண்டை தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி.

இந்த வருஷம் அவர் சொன்னது: "அந்த அமெரிக்கன் பேரை அடியோட அழிச்சது ரொம்ப சரி தம்பி. ஏழு வருஷமும் காலியாவே கிடக்கட்டும்." திண்ணையில் அவரை என்னால் ஜெயிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வாரம், 21 கட்டம், ஆல்ப்ஸ் மலையும் பிரெனே மலையும் ஏறி இறங்க வேண்டும். எல்லா நாளும் கூட்டி யாருக்கு நேரம் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை ஏழு தடவை அதை வாங்கினார். ஊக்கமருந்து என்று நிரூபணமாகி, 2012 அக்டோபரில் ஏழையும் பறித்தார்கள். அடுத்து வந்தவர் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் இடக்காரர்களும் அநேகமாக அதே குட்டையில் ஊறியவர்கள்.

பறித்ததில் எனக்கு வழக்கில்லை. காலி இடம்தான் எனக்கு உறுத்துகிறது.

இந்தப் பட்டியலில் வேறு காலி இடங்களும் உண்டு. 1915 முதல் 1918 வரை, 1940 முதல் 1946 வரை. அவை யுத்தமும் அதை ஒட்டிய காலமும், பந்தயமே நடக்கவில்லை. நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை 1999ஐப் பார்த்தால் என்ன நினைக்கும்? அங்கே பந்தயம் நடந்தது. ஜனம் வெயிலில் ரோட்டோரம் நின்று கைதட்டியது.

சரி, மோசடிக்காரன் பெயர் இருக்கவே கூடாது என்பது விதி என்றால் அதாவது ஒழுங்காக இருக்கிறதா? 1996ல் ஜெயித்த டென்மார்க்கின் பியார்ன ரீஸ், 2007ல் தானே ஒப்புக்கொண்டார். எட்டு வருஷக் கெடு தாண்டிவிட்டது என்றார்கள், பெயர் இன்றும் பட்டியலில் இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்குக்கு மட்டும், மறைத்ததால் கெடு பொருந்தாதாம். ரீஸ் என்ன, தண்டோரா போட்டுவிட்டா மருந்து போட்டார்? நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் வாத்தியார் கொண்டாடிய ஆங்க்தீல், மருந்து எடுப்பதை மறைத்தவரே இல்லை. அவருடைய ஐந்து வெற்றியும் பத்திரமாக இருக்கின்றன. 1904ல் முதல் நான்கு பேரையும் தள்ளிவிட்டு, ஐந்தாவதாக வந்த கோர்னே என்ற பையனுக்குக் கொடுத்தார்கள். ஒரே பேரேட்டில் எத்தனை விதமான கணக்கு!

நான் வேலை பார்த்த காலத்தில் ரிஜிஸ்டரில் பிழை என்றால் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பிளேடால் சுரண்டினால் மெமோ. ஒரு மேலதிகாரி ஒரு வரியைச் சுரண்டச் சொன்னார். நான் கோடு போட்டேன். இரண்டு மாதத்தில் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. (காரைக்கால் மீன் நன்றாக இருந்தது, அது வேறு கதை.)

சுரண்டச் சொல்பவர் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1999லேயே ஆம்ஸ்ட்ராங்கின் சோதனையில் மருந்து தென்பட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து வந்த புண்ணுக்குக் களிம்பு என்று ஒரு மருந்துச் சீட்டு வந்தது. முன்தேதியிட்ட சீட்டு! அரசு அலுவலகத்தில் இருந்த எவரும் இதைப் படித்துச் சிரிப்பார்கள். சர்வதேச சைக்கிள் சங்கம் அதை வாங்கிக்கொண்டு ஃபைலை மூடியது. பதின்மூன்று வருஷம் கழித்து அதே சங்கம்தான் ஏழு வரியையும் அழித்தது. காலி இடம் அவர்களுக்குத்தான் வசதி. பெயர் இருந்தால், சீட்டை வாங்கியது யார் என்று யாராவது கேட்பார்கள்.

இன்னொருவரும் இதில் காணாமல் போகிறார். கிறிஸ்தோஃப் பாசோன், மருந்து தொடாத பிரெஞ்சுக்காரர். அதே 1999ல் பந்தயத்தில் ஓடிக்கொண்டே, இந்த வேகம் நம்பும்படி இல்லை என்று பத்திரிகையில் எழுதினார். ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போவது நல்லது என்றார். சக வீரர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். தாங்க முடியாமல் சில நாளில் பாதியில் விலகினார். ஆம்ஸ்ட்ராங் பெயரைக் கோடு போட்டு வைத்திருந்தால், பாசோன் ஏன் போனார் என்பதும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கும்.

இதை எழுதி அண்ணனிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "காரைக்கால்ல என்ன மீன் கிடைச்சுது?" என்றார்.