பாயானுக்கு நீதி கேட்டு

புனேயில் நான் ஆய்வு செய்யும் துறையின் இசைகேட்பு அறையிலிருந்து சப்வூஃபரை அகற்றிவிட்டார்கள். அது திரைப்பட வெடிச்சத்தத்துக்கானதாம். செவ்விசைக்கு இரு ஸ்டீரியோ பெட்டிகளே போதுமாம். தபலா இணையின் இடப்பக்க முழவான பாயானில் உள்ளங்கையடி அழுந்தும்போது சுருதி வழுக்கியேறுமே, அதன் அடிநாதத்தை அச்சிறு பெட்டிகள் விழுங்கிவிடுகின்றன. அதைக் கேளாத மாணவருக்குத் தாளம் கற்பிக்கப் போகிறோமா?

அறை அதிர்ந்தது உண்மை. பழி கருவியுடையதன்று, இணைத்தவருடையது. 4.3 மீட்டர் நீள அறை இயல்பாகவே 40 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிரும். பெட்டியை மூலையில் ஒதுக்கினால் அது மேலும் வீங்கும். பிரிப்பு அலைவெண்ணை 80 ஹெர்ட்ஸ் அளவில் நிறுத்தி, அங்கே இரு ஒலிகளும் ஒரே கட்டத்தில் சேர்கின்றனவா என்று எவரும் பார்க்கவில்லை. எதிர்க்கட்டத்தில் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். உடனே 'பாஸ் போதவில்லை' என்று குமிழைத் திருகினார்கள். கேட்போர் இருக்கையில் பெட்டியை வைத்து, தரையில் தவழ்ந்து, சீராக ஒலிக்கும் இடத்தைக் கண்டறிந்து அங்கே அதை அமர்த்துவது எளிய வழி. (தவழ்வதால் பேராசிரியப் பெருமை குன்றாது.)

முழவுகளின் ஒத்திசை மேற்சுரங்களைப் பற்றி இராமன் 1920-இலேயே எழுதிய நாடு இது. இங்கே ஓர் ஆய்வுத்துறை ஒற்றை அளவீடும் செய்யாமல் தீர்ப்பெழுதியிருக்கிறது. வெள்ளியன்று ஒலிவாங்கியோடு வருகிறேன். பெட்டியைத் திருப்பித் தாருங்கள்.