கிணற்றுக்குத் தீட்டு, குளத்துக்குக் கட்டணம்

ஆசிய விளையாட்டு முடிந்த மறுநாள் நம் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு ஒப்பாரி வரும். இத்தனை கோடி சனம் இருக்கிற நாட்டுக்கு நீச்சலில் ஒரு பதக்கம்கூட இல்லையே என்று. 2023ல் ஹாங்சோவில் நடந்தபோதும் வந்தது. சீனா நீச்சலில் மட்டும் 28 தங்கம் வாங்கியது. நம் கணக்கு பூஜ்யம். உடனே வல்லுநர்கள் கிளம்பிவிட்டார்கள். உயரம் போதாது, உடல்வாகு ஒத்துவராது, வெளிநாட்டுக் கோச் வேண்டும், விஞ்ஞான முறையில் சாப்பாடு வேண்டும். எல்லாம் பேசுகிறார்கள். இந்த நாட்டில் தண்ணிக்குள் இறங்க யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறந்து கேட்பதில்லை.

பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம். 1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியவர் சச்சின் நாக். ஆசிய விளையாட்டில் இந்தியாவின் முதல் தங்கமே அதுதான். கங்கையில் நீந்திப் பழகிய மனுசன். அவருக்குத் தியான்சந்த் விருது கொடுக்க அரசாங்கத்துக்கு 2020ல்தான் ஞாபகம் வந்தது. அப்போது அவர் செத்து முப்பது வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்குப் பிறகு ஆசிய நீச்சலில் அடுத்த பதக்கம் வர 35 வருசம் பிடித்தது: 1986 சியோலில் கஜான் சிங், வண்ணத்துப்பூச்சி நீச்சலில் வெள்ளி. அப்புறம் 2010ல் வீர்தவல் காடே, 2014ல் சந்தீப் செஜ்வால், ஆளுக்கொரு வெண்கலம். அத்தோடு சரி.

ஓட்டத்துக்கு ரோடு போதும். கபடிக்குக் காலனிக்குப் பின்னால் கிடக்கிற பொட்டல் போதும். நீச்சலுக்குத் தண்ணீர் வேண்டும். சாதி வெளிப்படையாகப் பூட்டுப்போட்டு வைத்த ஆடுகளம் ஒன்று இந்த நாட்டில் உண்டென்றால் அது தண்ணீர்தான். காற்றைப் பிரிக்க முடியாதவன் தண்ணீரைப் பிரித்துவைத்தான். நீச்சல் பந்தயம் எப்படி முடிகிறது என்று கவனித்திருப்பீர்கள். எட்டுப் பேரும் ஒரே தண்ணீரில் முங்கி எழுந்து வருகிறார்கள். சுவரில் இருக்கிற பலகையைக் கை தொட்டால்தான் கடிகாரம் நிற்கும். தொடுவதில் முடிகிற விளையாட்டு இது. 'தொடாதே' என்று சொல்லிச் சொல்லியே பிள்ளை வளர்க்கிற நாட்டில் அது எங்கிருந்து வேர்விடும்?

1927 மார்ச் 20ஆம் தேதி மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சட்டப்படி அந்தக் குளம் ஏற்கனவே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதுதான். இருந்தும் அடித்தார்கள். பிறகு 108 குடம் சாணி, மூத்திரம், பால், தயிர் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். இந்தப் பக்கம் 1924லேயே, பொதுக் கிணறும் பொதுச் சாலையும் எல்லோருக்கும் உரியது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதற்குப் பிறகு அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு வந்தது. கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பேர் சொல்லியே எழுதிவைத்தார்கள். 1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. இத்தனையும் வந்த பிறகு 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் சனங்கள் குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். குடிக்கிற தண்ணிக்கே இந்தக் கதி என்றால் குதிச்சு விளையாடுற தண்ணிக்கு என்ன கதி?

ஓசூர், சூளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பையன் நீந்தக் கற்கிறது தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் லாரி டியூபைக் கட்டித் தள்ளிவிடுவார்கள், நாலு நாளில் நீந்திவிடுவான். தோட்டம் யாருடையது, கிணறு யாருடையது என்பதுதான் விசயம். காலனிப் பையன் குதித்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டு விழும். எல்லைப் பகுதியில் பாஷைதான் மாறுகிறது, வசவு மாறுவதில்லை. மிச்சம் இருப்பது தண்ணி தேங்கிய கல்குவாரிக் குழி. கிருஷ்ணகிரி கிரானைட் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது. அது விட்டுப்போன பள்ளம் நம் பிள்ளைகளுக்கு. செங்குத்தான பாறை, ஏற வழியில்லை, ஆழமும் தெரியாது. கோடை லீவில் பேப்பரின் உள்பக்கத்தில் வருகிற அந்தச் சின்னச் செய்திகளை எல்லோரும் படிக்கிறோம். நாடு முழுக்க வருசத்துக்கு 30,000 பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே சொல்கிறது.

ஆறு இருக்கிறதே என்பீர்கள். தென்பெண்ணை பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக்கழிவையும் சுமந்துகொண்டுதான் ஓசூருக்கு வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைமலையாகப் பொங்குவதைப் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். பெங்களூருக்கு நீச்சல் குளம், நமக்கு அதன் நுரை. இந்தியாவின் பெயர்போன நீச்சல்காரர்களில் பலர் அந்த ஊர்க் குளங்களில் பயிற்சி எடுத்தவர்கள். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். பஸ் போகும். கட்டணம் கட்டத்தான் முடியாது.

கட்டணம் என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும். கவுண்டரில் உட்கார்ந்து சலான் வாங்குகிற உத்தியோகம். கோடை வந்தால் பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் பணம் கட்டுகிறவரும் வருவார், பாஸ்புக்கில் பதிவு போட ஒப்பந்தத் தொழிலாளியும் அதே வரிசையில் நிற்பார். முன்னவர் கட்டுகிற ஒரு மாசத் தொகை பின்னவருக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போடப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. கிணற்றில் 'தீட்டு' என்று சொன்ன வேலையைக் குளத்தில் 'கட்டணம்' செய்கிறது. கேட்டால் சாதி எங்கே இருக்கிறது என்பார்கள்.

உடல்வாகுக் கதையை அமெரிக்காவிலும் சொன்னார்கள். கறுப்பனுக்கு எலும்பு கனம், மிதக்காது என்றார்கள். 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஒரு விடுதிக் குளத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கியபோது விடுதி நிர்வாகி ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றினான். மகாத்தில் மாட்டு மூத்திரம், அங்கே ஆசிட். ஜாக்சன் நகரத்தில் கறுப்பரை விட வேண்டிவருமே என்று பொதுக் குளங்களை மூடியே விட்டார்கள். 1971ல் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது. மிதக்காத எலும்பு பிறகு எப்படி மிதந்தது? 1988 சியோல் ஒலிம்பிக்கில் சுரினாம் நாட்டு ஆந்தனி நெஸ்டி 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சியில் அமெரிக்காவின் மாட் பியோண்டியை நூறில் ஒரு விநாடியில் ஜெயித்தார். 2016 ரியோவில் சிமோன் மானுவல் 100 மீட்டரில் தங்கம் வாங்கினார். தண்ணிக்குள் விட்ட பிறகு எலும்பின் கனம் எங்கே போனது?

இன்னொரு வேடிக்கை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நம் நாட்டிலிருந்து ஸ்ரீஹரி நடராஜும், 14 வயது தினிதி தேசிங்கும் நீந்தப் போனார்கள். இருவரும் போனது தகுதி நேரத்தை எட்டி அல்ல. தகுதி பெற்றவர் இல்லாத நாடுகளுக்கு ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று உலக நீச்சல் அமைப்பு ஒதுக்குகிற இடத்தில். அதாவது இடஒதுக்கீடு. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அது அவர்களின் உரிமை. காலேஜ் சீட்டென்றால், வேலையென்றால் 'மெரிட் போச்சு' என்று கூப்பாடு போடுகிற வாய்கள் அன்றைக்கு எங்கே போயின என்றுதான் கேட்கிறேன். வசதியில்லாத நாட்டுக்கு வாசலைத் திறந்துவிடுவது நியாயம் என்றால், வசதி மறுக்கப்பட்ட சேரிக்கும் அதே நியாயம்தானே? 2000 சிட்னிக்கு இதேபோல் ஒதுக்கீட்டில் போனவர் ஈக்குவடோரியல் கினியின் எரிக் முசம்பானி. 50 மீட்டர் குளத்தையே அதற்குமுன் காணாதவர். 100 மீட்டருக்கு 1 நிமிடம் 52.72 விநாடி எடுத்தார். உலகமே சிரித்தது. சில வருசத்தில் அதே மனுசன் 57 விநாடிக்குள் வந்தார். இறங்க ஒரு குளம் கிடைத்தது, அவ்வளவுதான் நடந்தது.

நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் சஜன் பிரகாஷ். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சியை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். அவர் கேரளத்தில் பிறந்தாலும் வளர்ந்ததும் நீந்தப் பழகியதும் நம் நெய்வேலியில். அவருடைய அம்மா, ஒரு தடகள வீராங்கனை, நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்தார். பொதுத்துறை கட்டிய ஊரில் ஒரு குளம் இருந்தது. தொழிலாளியின் பிள்ளை ஒலிம்பிக்குப் போனான். நெய்வேலியைப் புனிதமாக்கச் சொல்லவில்லை. நிலத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் கிராமத்துப் பிள்ளைகளும் ஒப்பந்தத் தொழிலாளர் பிள்ளைகளும் அப்படிப்பட்ட குளங்களில் உரிமையோடு இறங்க வேண்டும் என்ற சண்டை தனியாக இருக்கிறது. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: பொதுக் குளம் இருந்தால் ஆள் வருவான்.

ஓசூரில் சிப்காட் வந்து பல வருசம் ஆகிவிட்டது. லாரி செய்கிறோம், மோட்டார் சைக்கிள் செய்கிறோம், கைக்கடிகாரம் செய்கிறோம். உலகத்துக்கு நேரம் காட்டுகிற ஊரில் நம் பிள்ளையின் நேரத்தைக் குறிக்க ஒரு குளத்து மேடையில் ஆள் நிற்கவில்லை. 2013ஆம் வருசத்துக் கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கேட்க வேண்டியதுதான்.

"குடிக்கவே தண்ணி இல்லாத ஊரில் நீச்சல் குளம் ஒரு கேடா?" நம் தோழர்களே இதைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெங்களூர் ரோட்டில் வரிசையாக முளைத்திருக்கிற ரிசார்ட்டுகளிடம் இதே கேள்வியை யாராவது கேட்டார்களா? 25 மீட்டர் பயிற்சிக் குளத்துக்கு ஐந்து லட்சம் லிட்டர் போதும். தினம் கொட்டிவிடுவதில்லை, வடிகட்டி வடிகட்டி அதையே சுற்றவிடுவார்கள். அதோடு, மகாத்தில் அண்ணல் சொன்னதும் இதைத்தானே? தாகம் தீர்க்க மட்டும் வரவில்லை, நாமும் மனிதர் என்று நிலைநாட்ட வந்தோம் என்றார்.

ஆகவே கேட்போம். மாவட்டத் தலைநகரில் ஒரு குளம் போதாது. அஞ்செட்டிப் பிள்ளை எத்தனை பஸ் மாறும்? தாலுகாவுக்கு ஒரு பொதுக் குளம். அரசுப் பள்ளிக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிக்கும் கட்டணமில்லாமல் கட்டாய நீச்சல் வகுப்பு. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர். கைவிட்ட குவாரிகளுக்கு வேலி. பதக்கம் வருகிறபோது வரட்டும். முதலில் நம் பிள்ளை குழியில் சாகாமல் கரையேறட்டும்.

சலுகை கேட்கவில்லை. குளமும் குளிக்கும் துறையும் நமக்கு உண்டென்று 1950லேயே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். எழுதினதைக் கட்டிக்கொடுக்கச் சொல்கிறோம்.