பெண்பிள்ளைக்கு எச்.பி.வி. தடுப்பூசி: உளுந்தூர்பேட்டை, கல்வராயன் மலைப் பகுதிக்கான நிலைப்பாடு

கருப்பைவாய்ப் புற்றுநோய் வைரஸால் வருவது. ஹியூமன் பாப்பிலோமா எனப்படும் எச்.பி.வி. வைரஸ் பாலுறவின் வழியே பரவி, ஆண் பெண் இருபாலரிலும் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடல் தானாகவே அதை விரட்டிவிடும். அப்படி நீங்காமல் தங்கிவிடும் சில பெண்களுக்கு 15, 20 ஆண்டுகள் கழித்துக் கருப்பைவாயில் புற்று வைக்கிறது. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது. 80,000 பேர் வரை இறந்தார்கள். உளுந்தூர்பேட்டை வட்டாரத்துப் பெண் ஒருத்தி, மாதவிடாய் நின்றபின் வரும் இரத்தக்கசிவை யாரிடமும் சொல்லக் கூசி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ போய்ச் சேரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

9 முதல் 14 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அந்த முடிவைப் பெற்றோர் விவரம் தெரிந்து எடுக்க வேண்டும். அவர்களுக்குப் பதிலாக வேறு எவரும் கையெழுத்திடக் கூடாது. இந்த இரண்டாவது பகுதியும் முதலாவதைப் போலவே முக்கியமானது.

“கல்யாணமாகாத பிள்ளைக்கு இந்த ஊசி எதற்கு?” என்பதே வீடுகளில் முதலில் எழும் கேள்வி. வைரஸ் உடலுக்குள் நுழையும் முன்பே எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள தொற்றை இந்த ஊசி குணப்படுத்தாது. சிறு வயதில் உடல் காட்டும் எதிர்வினையும் வலுவானது. பாலுறவாலும் பரவக்கூடிய ஹெபடைடிஸ் பி நோய்க்கான ஊசி, பிறந்த குழந்தைக்கு அரசு மருத்துவமனையிலேயே போடப்படுகிறது. அதனால் எந்தப் பிள்ளையின் ஒழுக்கமும் கேள்விக்குள்ளாவதில்லை.

பிள்ளைப்பேறு இல்லாமல் போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. ஊசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. நோயை உண்டாக்கும் மரபுப்பொருள் அதில் கிடையாது. போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், சிலருக்கு மயக்கம் வரலாம். ஆகவே ஊசி போட்டபின் 15 நிமிடம் பிள்ளையை உட்கார வைத்துக் கவனிக்க வேண்டும். கருவுற்றவர்களுக்கு இதைப் போடுவதில்லை. முந்தைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை கண்டவர்களுக்கும் போடக் கூடாது. பலன் கண்கூடானது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போடப்பட்டவர்களிடம் கருப்பைவாய்ப் புற்று 87 விழுக்காடு குறைந்ததாக 2021இல் ஓர் ஆய்வு காட்டியது.

இந்தியாவில் இந்த ஊசியின் மீது படிந்த சந்தேகம் 2010இல் தொடங்கியது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பாத் என்ற அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து ஒரு முன்னோட்டத் திட்டத்தை நடத்தின. ஊசி போடப்பட்ட சிறுமிகளில் ஏழு பேர் இறந்ததாகச் செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா எனக் காரணங்கள் வேறு வேறாக இருந்தன. ஊசிக்கும் சாவுகளுக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கண்டது. ஆனால் அதே விசாரணை ஆந்திரத்தில் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததையும் வெளிக்கொணர்ந்தது. அச்சிறுமிகளில் பலர் பழங்குடியினர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி குற்றமற்றது, அதைக் கொண்டுபோன விதம் குற்றமுடையது. அதற்கான விலையை நாடு முழுவதும் பெண்கள் கொடுத்தார்கள்.

அதே நிறுத்த உத்தரவு, இரண்டு ஊசியா மூன்று ஊசியா என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்த மற்றொரு பெரிய ஆய்வையும் பாதியில் நிறுத்தியது. அதில் ஒட்டன்சத்திரம் அருகேயுள்ள அம்பிளிக்கையும் ஒரு மையம். ஒரே ஊசியோடு நின்றுபோன ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகளைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து பார்த்தபோது, புற்றுக்கு முக்கியக் காரணமான 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை அந்த ஒற்றை ஊசியே ஏறத்தாழ 95 விழுக்காடு தடுத்தது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒற்றை ஊசி முறையையும் ஏற்றதற்கு இது வலுவான சான்றுகளில் ஒன்று. எச்.ஐ.வி. உள்ளவர்கள் போன்று எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் ஊசி தேவை.

தமிழ்நாட்டு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவாகும் ஊசி இது. கரும்பு வெட்டும் குடும்பத்துக்கு அரசு வழி தவிர வேறு வழியில்லை.

கம்மத்தின் பாடம் நேராகப் பொருந்துவது கல்வராயன் மலையில்தான். வெள்ளிமலை சுற்றுவட்டாரத்து மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பெற்றோர் வேலை தேடி மாதக்கணக்கில் வெளியூர் போய்விடுவதுண்டு. காப்பாளரோ தலைமையாசிரியரோ ஒப்புதல் தருவது எளிது. அதை அனுமதிக்கவே கூடாது. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் பெற்றோர் ஊர் திரும்பும்போது கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குப் போய், அவர்கள் பேசும் மொழியில் விளக்கி, கேள்விக்குப் பதில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தைச் சாட்சி முன் வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளையிடமும் எதற்கான ஊசி என்று சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப் வதந்திகளால் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. ஊசி வரும் நாளுக்கு முன்பே பேசியிருந்தால்தான் வதந்திக்கு இடமிருக்காது.

ஊசி போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்குப் பின் பரிசோதனைக்கு வர வேண்டும். எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை. வயது கடந்துவிட்ட தாய்மார்களுக்கு முதன்மைப் பாதுகாப்பு பரிசோதனையே. திண்டுக்கல் மாவட்டத்தில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையால் இந்நோய்ச் சாவுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. மகளின் ஊசிக்காக வரும் தாய்க்கு அன்றே பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் இருப்பார்கள். அதற்காகப் பிள்ளையை வகுப்பில் பெயர் சொல்லி நிறுத்துவதோ சலுகைகளை மறுப்பதோ கூடாது. அவர்கள் பிற்பாடு மனம் மாறி வந்தால், 20 வயது வரை ஒற்றை ஊசியே போடலாம் என்பதால், முகாம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி கிடைக்கச் செய்ய வேண்டும்.