பாலம் உடைந்த ஆற்றில் ஓடக்கூலி

சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நூறாண்டைத் தாண்டிய ஒரு போட்டிக் கூட்டமைப்பு சிதறியதைச் சந்தையின் இயல்பு என்கிறார் கட்டுரையாளர். இடம் தேடிப்போன பல்கலைக்கழகங்கள் குறைந்த பங்குக்கு ஒப்புக்கொண்டது அவர்களாகவே எடுத்த முடிவு என்கிறார். இதையெல்லாம் எதிர்க்கும் ரசிகர்களைப் பழைய நினைப்பில் உழல்கிறவர்கள் என்று ஒதுக்குகிறார். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது தவறோடு அநியாயமும்கூட.

விவகாரம் பழக்கமில்லாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ என்னும் கூட்டமைப்புகளில் சேர்ந்து, சக உறுப்பினர்களோடு ஆண்டுதோறும் மோதுகின்றன. தொலைக்காட்சி உரிமையைக் கூட்டமைப்பு மொத்தமாக விற்று, வரும் பணத்தைப் பங்கு பிரிக்கும். பணம் கொட்டுவது நாம் அறிந்த கால்பந்துக்கு அல்ல, கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்துக்கு. 1915இல் போர்ட்லாந்து நகரில் தொடங்கிய மேற்குக் கரைக் கூட்டமைப்பின் வழியில் வந்தது பேக்-12. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் இரு பெரும் பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென் என்ற கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ பிக் 12 என்ற இன்னொரு கூட்டமைப்புக்குப் போனது. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. மிஞ்சியவை நான்கு: ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி, ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

நான்கே வாரம் கழித்து, செப்டம்பர் 1 அன்று, ஸ்டான்ஃபோர்டையும் பெர்க்லியையும் டாலஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொள்ள ஏ.சி.சி. வாக்களித்தது. பெயரிலேயே அட்லாண்டிக் கரையைத் தாங்கிய கூட்டமைப்பு அது. சேர்த்துக்கொண்ட நிபந்தனைகளைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் இரு பல்கலைக்கழகங்களுக்கும் முதல் ஏழு ஆண்டுகள் முழுப் பங்கில் 30 சதவீதம்தான். சதர்ன் மெதடிஸ்டுக்கு ஒன்பது ஆண்டுகள் கூட்டமைப்பின் தொலைக்காட்சிப் பணத்தில் ஒரு காசும் கிடையாது.

புதிதாக வருகிறவர் நுழைவுக் கட்டணம் கட்டுவது எந்தச் சங்கத்திலும் உள்ள வழக்கம்தானே என்பது கட்டுரையாளரின் வாதம். ஒரு சங்கத்தில் புதியவர் சேர்ந்தால் இருக்கிற வருமானத்தைக் கூடுதல் பேர் பகிர வேண்டியிருக்கும். பழைய உறுப்பினருக்கு இழப்பு வரும். அந்த இழப்பை ஈடுகட்டக் கட்டணம் கேட்டால் அதில் நியாயம் உண்டு. இங்கே நடந்தது அதுவல்ல. ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியுடன் ஏ.சி.சி. வைத்திருந்த ஒப்பந்தப்படி, உறுப்பினர் எண்ணிக்கை கூடினால் அதற்கேற்பத் தொலைக்காட்சி தரும் தொகையும் கூடும். மூவர் பெயரிலும் புதுப் பணம் வந்தது. அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். இதற்கு நுழைவுக் கட்டணம் என்று பெயரில்லை. போக்கிடம் இல்லாதவனின் கூலியில் பிடித்தம் என்பதே சரியான பெயர்.

அவர்களாகவே ஒப்புக்கொண்டார்களே என்ற பேச்சும் இங்கேதான் உடைகிறது. ஆற்றுப்பாலம் உடைந்துபோன ஊரில், இருக்கிற ஒரே ஓடக்காரர் நான்கு மடங்கு கூலி கேட்கிறார். அக்கரைக்குப் போயே ஆக வேண்டியவர் கொடுத்துவிட்டு ஏறுகிறார். அவர் கொடுத்ததைச் சந்தை விலை என்று எந்தப் பஞ்சாயத்தும் ஏற்காது. அமெரிக்காவிலேயே மிக அதிகமான தேசிய அணிப் பட்டங்களை வென்ற பல்கலைக்கழகம் ஸ்டான்ஃபோர்டு. 36 விளையாட்டுகளில் அணி வைத்திருப்பது. நீச்சலிலும் டென்னிஸிலும் வாலிபாலிலும் தலைமுறை தலைமுறையாக வென்றுகாட்டிய அந்தப் பல்கலைக்கழகமே 30 சதவீதத்துக்குத் தலையாட்ட வேண்டியிருந்தது. அன்று அளக்கப்பட்டது விளையாட்டுத் திறமை அல்ல. சனிக்கிழமை மாலைகளில் எத்தனை வீடுகளில் தொலைக்காட்சி ஓடும் என்ற ஒற்றைக் கணக்கு. அந்த ஒரு தராசில் எல்லாவற்றையும் நிறுத்துவிட்டு, கிடைத்த எடையை நீதி என்று நம்மை ஏற்கச் சொல்கிறார் கட்டுரையாளர்.

சதர்ன் மெதடிஸ்டின் வெற்றியை அவர் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார். அதை நானும் மறுக்கவில்லை. சேர்ந்த முதல் ஆண்டான 2024இலேயே கூட்டமைப்பின் இறுதிப் போட்டிக்கும் தேசிய பிளேஆஃப் சுற்றுக்கும் போன அணி அது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தால் ஒன்பது ஆண்டுப் பணத்தை எப்படி விட முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டாமா? அறிவிப்பு வந்த ஒரே வாரத்தில் அதன் புரவலர்கள் 10 கோடி டாலர் திரட்டித் தந்தார்கள். அப்படிப்பட்ட புரவலர்கள் எத்தனை கல்லூரிகளுக்கு உண்டு? பெரும் செல்வர்கள் பின்னால் நிற்கும் ஒரு பல்கலைக்கழகம் தாங்கிக்கொண்டது என்பதற்காக நிபந்தனை நியாயமாகிவிடாது.

அடுத்து, கூட்டமைப்புகள் எக்காலத்திலும் மாறிக்கொண்டேதான் இருந்தன, இது இயற்கை என்ற வாதம். மாறியது உண்மை. எப்படி மாறியது என்பதை அவர் தொடவில்லை. பேக்-8 என்று இருந்தது அரிசோனாவின் இரு பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொண்டு பேக்-10 ஆனது 1978இல். கொலராடோவும் யூட்டாவும் வந்து பேக்-12 ஆனது 2011இல். முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளி. சேர்ந்தவர்கள் எல்லாரும் அடுத்தடுத்த மாநிலத்துக்காரர்கள். இன்று லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் அணி கூட்டமைப்புப் போட்டிக்காக நியூ ஜெர்சிக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறக்கிறது. நம் நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடிவரை உள்ள தூரமே 3,214 கிலோமீட்டர்தான்.

இதில் இயற்கை எங்கே இருக்கிறது? 1984வரை கல்லூரிக் கால்பந்தின் தொலைக்காட்சி உரிமை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பின் கையில் இருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட, உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்த ஏகபோகத்தை உடைத்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட், இளமையில் புகழ்பெற்ற கால்பந்து வீரர். கல்லூரி விளையாட்டை லாபத்துக்காக மட்டும் நடக்கும் தொழிலாகப் பார்ப்பது பிழை என்று அவர் அன்றே எழுதினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெயர்ச்சிக்குப் பின்னாலும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, அதில் கையெழுத்துப் போட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். 2022இல் பிக் டென் செய்துகொண்ட ஏழாண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தம் மட்டும் 700 கோடி டாலருக்கு மேல். மனிதர் எடுத்த முடிவுக்கு இயற்கை என்று பெயர் சூட்டினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகவே அந்தச் சொல் இந்த விவகாரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

பாதிப்பே இல்லை என்கிறவர்கள் கலிஃபோர்னியாவின் கதையைப் பார்க்கட்டும். யு.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் ஒரே மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் இரு வளாகங்கள். ஒன்று பிக் டென்னுக்குப் போனதால் மற்றொன்றுக்கு இழப்பு என்பதை அந்த அமைப்பின் ஆட்சிக்குழுவே ஏற்றது. யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் பெர்க்லிக்குத் தர வேண்டும் என்று முடிவு செய்தது. வீரர்களின் உணவுக்கும் மனநலத்துக்கும் பயண நாட்களில் படிப்புக்கும் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. காயமே இல்லையென்றால் மருந்துக்கு ஏன் பணம்?

அந்தக் காயம் எங்கே படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கால்பந்து அணி வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிறது, தனி விமானத்தில் போய்வருகிறது. வாலிபால், சாஃப்ட்பால் பெண்களின் நிலை வேறு. அவர்களுக்கு ஆட்டங்கள் அதிகம், வார நாட்களிலும் வரும், பல அணிகளுக்குச் சாதாரணப் பயணிகள் விமானம்தான். ஸ்டான்ஃபோர்டு மாணவி ஒருத்தி பாஸ்டனில் மாலை ஏழு மணிக்கு ஆடத் தொடங்குகிறாள் என்று வையுங்கள். ஆடி முடித்து, குளித்து, பையைக் கட்டும்போது பத்து மணி ஆகிவிடும். மறுநாள் விடியலில் எழுந்து விமான நிலையம். மேற்கு நோக்கி ஆறு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். மூன்று மணி நேரக் கால வித்தியாசம் வேறு. மடியில் திறந்த பாடப்புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுவாள். அன்றைய வகுப்பு போயிற்று. இவளுடைய ஆட்டத்தைக் காட்டுவதற்காக யாரும் கோடி கோடியாகக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கான பயணத்தை இவளும் சுமக்கிறாள்.

விரிவாக்கப் பணம்தானே வீரர்களுக்கு ஊதியமாகிறது என்று கட்டுரையாளர் கேட்கிறார். வீரர்களுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதை யார் வாங்கித் தந்தது என்பதில்தான் அவர் வரலாற்றைத் திரிக்கிறார். 2021இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து வீரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட சமரசத்தின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர்வரை வீரர்களுடன் பகிரலாம் என்றானது. இரண்டும் வீரர்கள் தாங்களே வழக்குப் போட்டு வென்றவை. கூட்டமைப்புகள் அந்த வழக்குகளில் எதிர்த்தரப்பில் நின்றன. கடைசிவரை கொடுக்க மறுத்தவரைக் கொடை வள்ளலாகக் காட்டுவது நேர்மையா? பகிரப்படும் தொகையில் பெரும்பகுதி ஆண்கள் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது என்பதையும் அவர் சொல்லவில்லை. பாஸ்டனிலிருந்து திரும்பும் அந்த மாணவிக்கு அதில் கிடைப்பது சொற்பம்.

இனி ரசிகர்கள். கட்டுரையாளரின் இளக்காரமெல்லாம் அவர்கள்மேல்தான் கொட்டியிருக்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், கோதுமை வயல் மூடிய குன்றுகளுக்கு நடுவே புல்மன் என்ற ஊர் இருக்கிறது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஊர். அதன் மக்கள்தொகையும் கால்பந்து மைதானத்தின் இருக்கைகளும் ஏறக்குறைய ஒன்றுதான், 33,000 அளவில். ஈ.எஸ்.பி.என். சனிக்கிழமைதோறும் வெவ்வேறு வளாகத்திலிருந்து ‘காலேஜ் கேம்டே’ என்ற நேரலை நிகழ்ச்சியை நடத்துகிறது. 2003இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் ரசிகர் ஒருவர் டெக்சஸில் நடந்த அந்த நிகழ்ச்சிக்குக் கருஞ்சிவப்புக் கொடியோடு போனார். திரையில் கொடி தெரிய வேண்டும், தன் ஊர்ப் பெயரை நாடு பார்க்க வேண்டும் என்பது ஆசை. அதற்குப் பிறகு எந்த ஊரில் நிகழ்ச்சி நடந்தாலும் அந்தக் கொடி அங்கே பறக்கிறது. ஒரு ஊரில் பிடித்தவர் மடித்துப் பெட்டியில் வைத்து அடுத்த ஊரில் இருக்கும் ரசிகருக்குப் பார்சலில் அனுப்புகிறார். முன்பின் பார்த்திராதவர்கள், இருட்டோடு எழுந்து, மழையிலும் பனியிலும் கம்பத்தைத் தூக்கி நிற்கிறார்கள். 15 ஆண்டுகள் இப்படிப் பறந்த பிறகுதான், 2018 அக்டோபரில், அந்த நிகழ்ச்சி முதன்முறையாகப் புல்மனுக்கு வந்தது.

தொலைக்காட்சி எதை விற்கிறது என்று இப்போது சொல்லுங்கள். புல்வெளியும் பந்தும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். விலைபோவது அந்தக் கொடி, அந்தக் கூட்டம், அந்த விடியற்காலைக் குளிர். நூறாண்டாகப் பக்கத்து ஊரோடு வளர்த்த பகையும் உறவும்தான் சரக்கு. அதை உண்டாக்கியவர்கள் ரசிகர்கள். விற்றவர்கள் வேறு யாரோ. விற்றவர்கள் கணக்கில் புல்மன் சிறிய ஊர், பார்வையாளர் குறைவு. அதனால் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஆரிகன் ஸ்டேட்டும் தெருவில் விடப்பட்டன. இதைக் கண்டு கொதிப்பவர்களை ஏக்கவாதிகள் என்பது, வயலை உழுதவனைப் பார்த்து உனக்கு விளைச்சலில் என்ன வேலை என்று கேட்பதுபோல.

தொடர்ந்து பார்க்கிறார்களே, பார்ப்பது சம்மதம் இல்லையா என்று கடைசியாகக் கேட்கிறார். கான்சாஸும் மிசூரியும் 1891 முதல் மோதிய அணிகள். மிசூரி கூட்டமைப்பு மாறியதால் 2011க்குப் பிறகு அந்த ஆட்டம் நின்றது. மீண்டும் ஆட 2025 ஆக வேண்டியிருந்தது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் பள்ளியில் சேர்ந்த குழந்தை கல்லூரிக்குப் போய்விட்டது. எத்தனை தாத்தாக்கள் பேரனோடு பார்க்க ஆசைப்பட்டுப் பார்க்காமலே போயிருப்பார்கள். ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 2023 நவம்பரில் ஆடியதோடு அந்த நூறாண்டுப் போட்டியும் நின்றிருக்கிறது. மிச்சமிருப்பதை விடாமல் பார்ப்பவரிடம், பறித்ததற்கும் சேர்த்துச் சம்மதம் கொடுத்துவிட்டாய் என்று சொல்ல மனம் எப்படி வருகிறது?

கோபத்தால் பயனில்லை என்பதும் பொய். கைவிடப்பட்ட இரு பல்கலைக்கழகங்களும் நீதிமன்றம் போயின. வெளியேறியவர்கள் கூட்டமைப்பின் நிர்வாகத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது என்று 2023 நவம்பரில் வாஷிங்டன் மாநில நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். பேக்-12 என்ற பெயரும் அதன் நிர்வாகமும் அந்த இருவரிடமே நின்றன. அதை வைத்து போய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் முதலியவற்றைச் சேர்த்து 2026இலிருந்து மீண்டும் கட்ட ஏற்பாடு செய்தார்கள். விதி என்று உட்கார்ந்திருந்தால் அந்தப் பெயரே அழிந்திருக்கும்.

ரசிகர்கள் கேட்பது நடைமுறையில் முடியாததும் அல்ல. கால்பந்துக்குக் கரைக்குக் கரை நீளும் கூட்டமைப்பு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற விளையாட்டுகளைப் பக்கத்து ஊர்களோடு ஆடவிடுங்கள். பழைய போட்டியைக் கைவிடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சேர்க்கை நிபந்தனைகளைக் கையெழுத்துக்கு முன்பே மாணவர்கள் முன் வையுங்கள். கலிஃபோர்னியா ஆட்சிக்குழுவால் நிபந்தனை போட முடிந்ததென்றால் மற்றவர்களாலும் முடியும்.

கட்டுரையாளர் ஒரு சனிக்கிழமைக் காலை அந்தக் ‘காலேஜ் கேம்டே’ நிகழ்ச்சியைப் போட்டுப் பார்க்கட்டும். தொகுப்பாளர்களுக்குப் பின்னால், கூட்டத்துக்கு மேலே, கருஞ்சிவப்புக் கொடி ஆடும். அதைப் பிடித்திருப்பவருக்கு ஒப்பந்தத்தில் பங்கு இல்லை, வாக்கு இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் கொடியை மடித்து அடுத்த ஊருக்கு அனுப்புவார். அவர் பக்கம்தான் நான் சேர்கிறேன்.